தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து விமானப் பயணம்: தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி

"கிருஷ்ணகிரி – டெல்லி விமான நேரம்" என்று தேடினால் 1,790 கி.மீ., 2 மணி 40 நிமிடம் என்பது போல ஒரு விடை கிடைக்கும். கிருஷ்ணகிரியில் விமான நிலையம் கிடையாது. மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையமே கிடையாது. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்து, அதை ஒரு வேகத்தால் வகுத்துச் சொன்ன விடை அது. வகுத்தல் சரிதான். ஆனால் அதை வைத்து வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்தால் விமானம் போய்விடும்.

போட வேண்டியவை மூன்று கணக்குகள்: விமான நிலையத்துக்கு விமான நிலையம் வான்வழித் தூரம், அந்தத் தூரத்துக்குப் பறக்கும் நேரம், வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் மொத்த நேரம். முதல் இரண்டையும் பத்து நிமிடத்தில் காகிதத்திலேயே போட்டுவிடலாம். மூன்றாவதில்தான் நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் சறுக்குகிறார்கள்.

வான்வழித் தூரம்

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. சுற்றளவு ஏறக்குறைய 40,030 கி.மீ. அதை 360 பாகையால் (டிகிரி) வகுத்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

வடக்கு–தெற்காக ஒரு பாகை என்பது எங்கும் கிட்டத்தட்ட 111.2 கி.மீ.தான். கிழக்கு–மேற்காக அப்படியில்லை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் 111.2-ஐ அந்த இடத்து அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அட்சத்தில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 108.5 கி.மீ.; டெல்லி அட்சத்தில் 98 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு.

கிருஷ்ணகிரி 12.52 வடக்கு, 78.21 கிழக்கு. சென்னை சென்ட்ரல் 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. அட்ச வித்தியாசம் 0.56, அதை 111.2-ஆல் பெருக்கினால் 62 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 2.06, அதை 108.5-ஆல் பெருக்கினால் 223.5 கி.மீ. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 232 கி.மீ. பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். சாலைத் தூரம் சுமார் 255 கி.மீ., அதாவது வான்வழியைவிடப் பத்து சதவீதம் கூடுதல். நேராகப் போகும் நெடுஞ்சாலைக்கு இது பொருந்தும். தர்மபுரி–சேலம் வான்வழி 52 கி.மீ., சாலையில் சுமார் 65. இருபத்தைந்து சதவீதம் கூடுதல். தொப்பூர் கணவாய் வளைந்து இறங்குவதற்கான விலை அது. ஆகவே சாலைத் தூரம் தெரியாத இடத்துக்கு வான்வழித் தூரத்தை 1.2-ஆல் பெருக்குங்கள், மலைப்பாதை இருந்தால் 1.3 அல்லது அதற்கு மேல்.

இனி விமானக் கணக்கு. இதில் ஊரின் அட்ச, தீர்க்க எண்களைப் போடக் கூடாது, விமான நிலையத்தின் எண்களைப் போட வேண்டும். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் 13.20 வடக்கு, 77.71 கிழக்கு. டெல்லி விமான நிலையம் 28.56 வடக்கு, 77.10 கிழக்கு. அட்ச வித்தியாசம் 15.36, பெருக்கினால் 1,708 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 0.61. இங்கே நடு அட்சம் 21 பாகையை ஒட்டி வருவதால் ஒரு பாகைக்கு 104 கி.மீ. வைத்தால் 63 கி.மீ. வர்க்கமூலம் எடுத்தால் 1,709 கி.மீ. டெல்லி நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கில் இருப்பதால் கிழக்கு–மேற்குப் பங்கு சேர்ந்தும் ஒரு கிலோமீட்டர்தான் கூடுகிறது.

இந்தத் தட்டைக் கணக்கு எதுவரை தாங்கும்? துபாய்க்குப் போட்டால் 2,702 கி.மீ. வருகிறது, உண்மையில் 2,695. சிங்கப்பூருக்கு 3,184 வருகிறது, உண்மையில் 3,179. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் தாராளமாகப் போதும். லண்டனுக்குப் போட்டால் 8,490 வரும். சரியான விடை 8,045. நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிசகு. காரணம், தூரம் கூடும்போது உருண்டைமேல் மிகக் குறுகிய வழி தட்டை வரைபடத்துக் கோடு அல்ல, வடக்கே வளைந்து போகும் வில். ஐந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் கோளக் கணக்குக்கு மாறிவிடுங்கள்.

அதுவும் கடினமில்லை. போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கை வாட்டத்தில் பிடித்தால் சைன், கோசைன் பொத்தான்கள் வரும். இரண்டு அட்சங்களின் சைன்களைப் பெருக்கி ஓரிடத்தில் எழுதுங்கள். பிறகு இரண்டு அட்சங்களின் கோசைன்களையும், தீர்க்க வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அந்தத் தொகைக்குத் தலைகீழ் கோசைன் (cos⁻¹ பொத்தான்) எடுங்கள். வருவது பாகை, அதை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். லண்டன் ஹீத்ரோவுக்கு முதல் பெருக்கல் 0.1786, இரண்டாவது 0.1244, கூட்டினால் 0.3030, தலைகீழ் கோசைன் 72.36 பாகை. பெருக்கினால் 8,046. கால்குலேட்டர் 'டிகிரி'யில் இருக்க வேண்டும். 'ரேடியன்'னில் கிடந்தால் சம்பந்தமே இல்லாத விடை வரும். பலருக்கு இங்கேதான் கணக்கு வெறுத்துப் போகிறது.

வேறு மூன்று இடங்களிலும் பிழை வரும். முதலாவது, பாகை–கலையைத் தசமம் என்று படித்துவிடுவது. கிருஷ்ணகிரி 12 பாகை 31 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் தசமத்தில் 12.52. அதை 12.31 என்று எழுதினால் 23 கி.மீ. தெற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி காரிமங்கலத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, மேற்குத் தீர்க்கம். ஹீத்ரோ 0.45 மேற்கு, கிழக்கில் உள்ள நம்மிடமிருந்து வித்தியாசம் எடுக்கும்போது கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். 77.71-உம் 0.45-உம் சேர்ந்து 78.16. மூன்றாவது, அலகு. சில தளங்கள் மைலில் காட்டும், விமானத் துறை கடல் மைலில் பேசும். சாதா மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. டெல்லிக்கு 1,062 என்று ஓரிடத்திலும் 923 என்று ஓரிடத்திலும் பார்த்தால் இரண்டும் அதே 1,709 கி.மீ.தான்.

கணக்கே வேண்டாம் என்றால் கூகுள் மேப்பில் விமான நிலையத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் தொலைவை அளவிடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மறுமுனைக்கு வரைபடத்தை நகர்த்தினால் வில் தூரத்தையே காட்டும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு தப்பான எண் கண்ணில் பட்டாலே தெரிந்துவிடும்.

பறக்கும் நேரம்

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை. துறைக்காரர்கள் இதை 'பிளாக் டைம்' என்பார்கள். நகர்ந்து ஓடுபாதைக்குப் போய் வரிசையில் நிற்க 15–20 நிமிடம், ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இல்லாததால் இழப்பு, தரையிறங்கி ஊர்ந்து வர 5–10 நிமிடம். இதெல்லாம் பக்கத்து ஊருக்குப் போனாலும் ஒன்றுதான், துபாய் போனாலும் ஒன்றுதான்.

ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை ஜெட்டுகள் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். வான்பாதை நேர்கோடாக இருக்காது என்பதால் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம்: தூரத்தை 800-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள்.

பெங்களூரு–டெல்லி 1,709 கி.மீ.: 2 மணி 8 நிமிடம், கூட 40, மொத்தம் 2 மணி 48 நிமிடம். மும்பை 834 கி.மீ.: 1 மணி 43 நிமிடம். சென்னை 268 கி.மீ.: 20 நிமிடமும் 40 நிமிடமும் சேர்த்துச் சரியாக ஒரு மணி. ஹைதராபாத் 456 கி.மீ.: 1 மணி 14 நிமிடம். துபாய்: 4 மணி. சிங்கப்பூர்: 4 மணி 38 நிமிடம். அட்டவணையோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் முன்பின்னாக ஒத்துப்போகும். லண்டன் போன்ற நெடுந்தூரத்துக்குப் போகும் அகல விமானங்கள் வேகமானவை. அவற்றுக்கு 850-ஆல் வகுங்கள்.

சேலத்திலிருந்து போவது விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரக விமானம் என்றால் கணக்கே வேறு. அதன் வேகம் 500 கி.மீ.யை ஒட்டியது. 450-ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டுங்கள். சேலம்–சென்னை 265 கி.மீ.க்கு 1 மணி 5 நிமிடம் வரும். சேலம்–ஹைதராபாத் 608 கி.மீ.க்கு 1 மணி 50 நிமிடம். ஜெட் வேகத்தைப் போட்டுவிட்டு ஏன் இவ்வளவு நேரம் என்று குழம்ப வேண்டாம்.

காற்று கிழக்கு–மேற்குப் பயணங்களில்தான் தெரியும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. லண்டனுக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று; அரை மணியிலிருந்து ஒரு மணி வரை வித்தியாசம் வருவது சாதாரணம். டெல்லிக்கு அது பக்கக் காற்று. போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றே.

மூடிய வான்வெளி இன்னொரு காரணம். 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவன விமானங்களுக்கு மறுபடியும் மூடப்பட்டது. அப்படி மூடும்போது டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டும். ஐரோப்பா, அமெரிக்காவுக்கு டெல்லி வழி டிக்கெட் போடுகிறவர்கள் வில் தூரத்தை மட்டும் நம்பாமல், அந்த வாரம் அதே விமானம் எடுத்த நேரத்தைப் பார்க்க வேண்டும். விமானத்தின் எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாள் புறப்பாடு, வருகை நேரங்களைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. வில் எவ்வளவு தூரம் வடக்கே வளையும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா முதலில் ஓட்டிய நேரடி விமானம் வடதுருவத்தின் மேலேதான் வந்தது.

டிக்கெட்டில் உள்ள மணியைப் படிப்பது

டிக்கெட்டில் புறப்பாடு நம் நேரத்தில் இருக்கும், வருகை அந்த ஊர் நேரத்தில் இருக்கும். துபாய் நம்மைவிட 1.30 மணி பின்னால். கத்தார், சவூதி, குவைத் 2.30 மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா 2.30 மணி முன்னால். லண்டன் குளிர்காலத்தில் 5.30, கோடையில் 4.30 மணி பின்னால். காலை 10.00-க்குக் கிளம்பி 12.30-க்குத் துபாய் என்று இருந்தால் பயணம் இரண்டரை மணி அல்ல, நான்கு மணி. திரும்பும்போது இரவு 10.00-க்குக் கிளம்பி விடிகாலை 3.15 என்று இருந்தால், 5.15-இல் 1.30 கழித்து 3 மணி 45 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊர் என்றால் போகும்போது கழிக்கணும், வரும்போது கூட்டணும்.

தேதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. '12-ஆம் தேதி 00.40' என்றால் 11-ஆம் தேதி ராத்திரி கழிந்து நாற்பது நிமிடம். 12-ஆம் தேதி ராத்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வளைகுடாவுக்குப் பல விமானங்கள் இந்த நள்ளிரவு நேரத்தில்தான். நாள்காட்டியில் குறிக்கும்போது விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் எழுதுங்கள்.

தரைக் கணக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி சுமார் 127 கி.மீ. ஓசூர் 50, ஓசூரிலிருந்து பெங்களூரின் தெற்குப் பக்கத்து சில்க் போர்டு சந்திப்பு 32, அங்கிருந்து நகரின் வடக்குப் பக்கத்து ஹெப்பாள் 20, ஹெப்பாளிலிருந்து விமான நிலையம் 25. தர்மபுரிக்காரர்கள் இன்னும் 48 கூட்டிக்கொண்டால் 175. தூரத்தை வைத்து இரண்டரை மணி என்று நினைத்தால், அது விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு மட்டுமே உண்மை.

நான்கு துண்டாகப் பிரித்துத்தான் நேரம் போட வேண்டும். கிருஷ்ணகிரி–ஓசூர் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி. சூளகிரிப் பக்கம் லாரிகள் இரண்டு வரிசையையும் அடைத்துப் போனால் கொஞ்சம் கூடும், பெரிதாக மாறாது. ஓசூர்–சில்க் போர்டு 45 நிமிடமும் ஆகும், இரண்டு மணியும் ஆகும். சில்க் போர்டு–ஹெப்பாளும் அப்படியே. கடைசித் துண்டு 30–40 நிமிடம். ஆக நடு இரண்டு துண்டுகளில் 52 கி.மீ.தான்; தவறவிடும் விமானங்களெல்லாம் அந்த 52 கி.மீ.யில்தான் தவறுகின்றன. காலை 8–11, மாலை 5–9 ஆகிய நேரங்களில் அதைக் கடக்க நேர்ந்தால் மொத்தத்துக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். மற்ற நேரத்தில் மூன்றரை. மழை பெய்தால் ஐந்து மணியும் பத்தாமல் போகலாம்.

நகரத்துக்குள்ளே நுழையாமல் போக ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி என்று ஒரு வழி உண்டு. கிலோமீட்டர் மிச்சமில்லை. பாகலூர்–மாலூர் சாலை குறுகல், லாரி நடமாட்டம் உண்டு. ஆனால் மாலை நேரத்தில் சில்க் போர்டைத் தவிர்ப்பது ஒன்றே போதும். பகலில் எடுக்கலாம், வழி தெரியாத ஓட்டுநரோடு நள்ளிரவில் வேண்டாம்.

வாடகைக் கார் பேசும்போது கர்நாடக பெர்மிட்டும் டோலும் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வழியில் கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், சாதஹள்ளி ஆகிய இடங்களில் சுங்கம் உண்டு. அத்திப்பள்ளியில் வண்டியை ஓரம் கட்டி பெர்மிட் போட நின்றால் அரை மணி நேரம் போய்விடும். முந்தின நாளே இணையத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பெங்களூரின் மைய பஸ் நிலையமான மெஜஸ்டிக் வரை போக வேண்டியதில்லை. சில்க் போர்டில் இறங்கினால் விமான நிலையத்துக்கு 'வாயு வஜ்ரா' பஸ் பிடிக்கலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் ஓசூர் சாலையில் பொம்மசந்திராவிலிருந்து தொடங்குவதால், பகலில் அங்கே இறங்கி மெட்ரோவில் சில்க் போர்டு வந்துவிட்டால் அந்த நெரிசல் மிச்சம். ஆனால் பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் கீழே உள்ள நிறுத்தங்களில் நிற்காது. எங்கே இறங்க வேண்டும் என்பதை ஓசூரிலேயே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். விடியற்காலை விமானத்துக்கு மெட்ரோ உதவாது.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

கிளம்பும் நேரத்தை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, விமான நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு லக்கேஜ் வாங்கும் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். வெளிநாட்டுக்கு 60–75 நிமிடம். ஏறும் வாயில் 25 நிமிடம் முன்பு மூடும். விமானம் அங்கேயே கண்ணெதிரே நின்றாலும் மூடினது மூடினதுதான்.

காலை 10.05-க்கு டெல்லி விமானம் என்று வைப்போம். கவுன்ட்டர் 9.05-க்கு மூடும். வாசலில் 8.00 மணிக்கு இருக்க வேண்டும். ஹெப்பாளில் 7.20. சில்க் போர்டில் 6.20. ஓசூரில் 5.30. கிருஷ்ணகிரியில் 4.35. டயர் பஞ்சர், டீ, அத்திப்பள்ளி வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 நிமிடம் கழித்தால் 4.00. தர்மபுரி என்றால் 3.10. டெல்லியில் 12.55-க்கு நிற்கும். பெட்டி வந்து வெளியே வர 1.30, நகருக்குள் போய்ச் சேர 2.15. ஆக பத்தேகால் மணி நேரப் பயணம். அதில் வானில் ஓடுவது இரண்டு மணிச் சொச்சம். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் காலைப் பனிமூட்டம் இருக்கும். அங்கே காலை ஒன்பது மணிக்குள் இறங்கும் விமானத்தைவிட நண்பகலில் இறங்குவது மேல்.

முன்பு சொன்ன 00.40 துபாய் விமானத்துக்கு மூன்று மணி முன்பு, அதாவது 11-ஆம் தேதி இரவு 9.40-க்கு அங்கே இருக்க வேண்டும். மாலை நெரிசல் நேரம் முழுதும் வழியில் மாட்டுகிறது. ஐந்து மணி நேரமும் அரை மணி உபரியும் வைத்தால் கிருஷ்ணகிரியில் மாலை 4.00, தர்மபுரியில் 3.00. சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெங்களூரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் டெர்மினல் 2-இல். உள்நாட்டு விமானங்கள் நிறுவனத்தைப் பொறுத்து இரண்டிலும் உண்டு. டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்து ஓட்டுநரிடம் முன்பே சொல்லுங்கள்.

எது லாபம், எது வீண்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் மூன்றரை மணி, அங்கே காத்திருப்பு இரண்டு மணி, இறங்கி வெளியேறி ஊருக்குள் போக ஒரு மணி, பறப்பதில் உள்ள நிலையான 40 நிமிடம். ஏழு மணிக்கு மேல் போய்விட்டது, இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை. அதே ஏழு மணியில் சாலையில் 400 கி.மீ.க்கு மேல் போய்விடலாம். ஆகவே சாலைத் தூரம் 450 கி.மீ.க்குக் குறைந்த எந்த ஊருக்கும் நம்மிடமிருந்து விமானம் நேரத்தை மிச்சப்படுத்தாது. பெங்களூரு போய்ச் சென்னைக்கு விமானம் ஏறுவது மேற்கே போய்க் கிழக்கே திரும்புவது. ஐந்து மணியில் காரில் போகிற ஊருக்கு எட்டு மணி ஆகும். ஹைதராபாத் எல்லையில் நிற்கிறது: வாசலுக்கு வாசல் எட்டு மணி, சாலையில் சுமார் 660 கி.மீ., பதினொரு மணி. ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனால் பகல் மிச்சமாகும் என்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மும்பை, டெல்லி, கொல்கத்தா என்றால் யோசிக்க வேண்டியதில்லை, விமானம்தான்.

தர்மபுரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கை மாற்றக்கூடியது சேலம் விமான நிலையம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து 50 கி.மீ., ஒரு மணி. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வந்தன. சிறிய நிலையம், பெங்களூரு அளவுக்கு முன்கூட்டிப் போக வேண்டியதில்லை; கவுன்ட்டர் மூடுவதற்கு முன்பு போனால் போதும். ஆனால் விமானங்கள் குறைவு, வாரத்தில் எல்லா நாளும் எல்லா ஊருக்கும் இருக்காது, அட்டவணையும் மாறும். டிக்கெட் எடுக்கும் நாளில் பார்த்ததைக் கிளம்பும் முந்தின நாளும் பாருங்கள். தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி சாய்ந்தால் போதும், வரிசை சுங்கச்சாவடி வரை நிற்கும். 45 நிமிடம் உபரி வையுங்கள். சேலத்தில் ஏறி ஹைதராபாத்தில் மாறுவதாக இருந்தால் இரண்டு பயணத்தையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். அப்படித்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நடுவே மூன்று மணியாவது விடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா போகிற அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் திருச்சியையும் பார்க்க வேண்டும். மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம், நாமக்கல் போய்ச் சேர்ந்தால் பெங்களூரு நெரிசல் கிடையாது. தர்மபுரியிலிருந்தும் சுமார் 205 கி.மீ.தான், நான்கு மணி நேரம், கிளம்பின நேரம் எதுவானாலும் அதே நான்கு மணி. திருச்சி–சிங்கப்பூர் வான்வழி 2,981 கி.மீ.; சூத்திரப்படி 4 மணி 24 நிமிடம், பெங்களூரிலிருந்து போவதைவிட கால் மணி குறைவு. ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்தவர்களுக்குச் சென்னை நல்லது: வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் என்று வரும் சாலை நகரத்துக்குள் நுழையும் முன்பே விமான நிலையத்துக்குத் திரும்ப விடுகிறது.

ஓசூரில் விமான நிலையம் வந்தால் இந்தக் கட்டுரையில் பாதியைக் கிழித்துப் போடலாம். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வரக்கூடிய அளவில் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தேவனஹள்ளி விமான நிலையத்துக்காக 2004-இல் போட்ட ஒப்பந்தப்படி, அது திறந்த 2008 முதல் 25 ஆண்டுகளுக்கு 150 கி.மீ. தூரத்துக்குள், மைசூரு, ஹாசன் நீங்கலாக, புதிய விமான நிலையம் கூடாது. அந்தக் கெடு 2033 வரை ஓடுகிறது. தேவனஹள்ளியிலிருந்து ஓசூர் வான்வழித் தூரத்தை மேலே சொன்ன முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஓசூர் 12.74 வடக்கு, 77.83 கிழக்கு, விடை 53 கி.மீ. வர வேண்டும்.